அந்தத் துவக்குக்குப் பொருந்தாத தோட்டா

1997ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ரொறன்ரோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் வரும் ஒரு சதுப்பு ஏரியில் இது நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மனைவியுடனும் மகளுடனும் இருந்தேன். கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்ப்பது என் வேலை. வரும் பாகத்தை அளந்து, சரியானதை ஒரு பெட்டியிலும் பிழையானதை இன்னொரு பெட்டியிலும் போடுவேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் உண்டு. எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்குச் சரிவரும்.

அந்தக் கோடையில் நானும் மனைவியும் குடியுரிமைப் பரீட்சையில் தேறியிருந்தோம். மகளையும் சேர்த்து மூவரும் நவம்பரில் சத்தியப்பிரமாணத்துக்கு வரவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அதுவரை எந்தக் குற்றச்சாட்டிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. அகதியாக வந்து பத்து வருடம், எந்த நாட்டவர் என்று கேட்டால் ஒரு விளக்கம் சொல்லியே பழகியவன் நான். இனி ஒரு சொல்லில் பதில் சொல்லலாம் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

எங்கள் பகுதிக்கு மேலாளர் ஒரு தமிழர். எழுபதுகளில் லண்டனில் படித்துவிட்டு இங்கே வந்தவர். என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். விட்பியில் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்று அவருடையது. தொழிற்சாலையில் தமிழர் எல்லோருக்கும் அவர் அண்ணை. நான் பார்க்டேலில் ஓர் அறையில் நான்கு பேரோடு படுத்தெழும்பிய முதல் குளிர்காலத்தில் என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்ட வேண்டிய தேவை இருக்கவுமில்லை.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“தம்பி, சிற்றிசன் ஆகப் போறீராம். பத்து வருசமா இந்த நாட்டில என்னத்தைப் பாத்தனீர்? பக்டரி, கோயில், தமிழ்க் கடை. ஒருக்கா என்னோட தாரா வேட்டைக்கு வாரும். அப்பதான் கனடாவைப் பாத்ததாக் கணக்கு.”

தாரா என்றால் வாத்து இனத்தில் சின்னது. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும் காட்டுத்தாராவைச் சுடுவது இங்குள்ளவர்களுக்கு ஒரு பெரிய பொழுதுபோக்கு. அண்ணை வெள்ளைக்காரரோடு சேர்ந்து பல வருடங்களாகப் போய்வருபவர். அவர் என்னைக் கூப்பிட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. மற்ற மேசைகளில் இருந்தவர்கள் அதைக் கேட்டதும் பெருமையாக இருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து நீங்களாப் போய்த் துவக்குத் தூக்கப் போறியளோ? அதுவும் சத்தியப்பிரமாணம் வாற நேரம் பாத்து?”

“எல்லாம் சட்டப்படிதான் செய்வன்” என்றேன்.

“அப்பா, ஆர் யூ சீரியஸ்? பாவம் அந்த டக்ஸ்” என்றாள் மகள். அவள் தட்டில் அப்போது கோழிப் பொரியல் இருந்தது.

சட்டப்படிதான் செய்தேன். துவக்குப் பாதுகாப்புக்கும் வேட்டைக்கும் சனிக்கிழமை வகுப்புகளுக்குப் போனேன். பரீட்சை எழுதினேன். வேட்டை அனுமதி எடுத்தேன். காட்டுப்பறவைகளுக்கென்று தனி அனுமதி ஒன்று உண்டு. அதைத் தபால் கந்தோரில் வாங்க வேண்டும். ஒரு பறவைப் படம் போட்ட முத்திரையை அதில் ஒட்டித் தருவார்கள். அதை வாங்கிய அன்று பேருந்தில் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

துவக்கு என்னிடம் இல்லை. அண்ணை தன்னுடைய பழைய இரட்டைக்குழல் துவக்கைத் தருவதாகச் சொன்னார். அவரிடம் புதிய துவக்கு ஒன்று இருந்தது. “தோட்டாவை மட்டும் நீர் பாத்து வாங்கிக்கொண்டு வாரும்” என்றார்.

தோட்டா என்றால் ஏதோ ஒன்றை வாங்கினால் போதும் என்று நினைப்பவன் அல்ல நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்பிக்குப் போய், அவருடைய கார்க் கொட்டகையில் அந்தத் துவக்கைக் கழற்றி என் வேர்னியர் கருவியால் அளந்தேன். அண்ணை கதவில் சாய்ந்து நின்று பார்த்தார்.

“சம்பந்தம் பேச வந்த ஆள் மாதிரியெல்லே சுத்திச் சுத்திப் பாக்கிறீர்” என்றார்.

அந்த அளவில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, குழலின் வாய் மிகவும் ஒடுக்கம். மற்றது, தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம் மட்டுமே. இப்போது கடைகளில் கிடைக்கும் தோட்டாக்கள் அநேகமாக இரண்டே முக்கால் அங்குலம். அவை இந்த அறைக்குள் போகாமல் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் போகும். அதுதான் ஆபத்து. வெடிக்கும்போது தோட்டாவின் மடிந்த வாய் விரியும். பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் விரிந்தபின் உள்ள நீளம். விரிய இடம் இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும். பழைய துவக்கு அதைத் தாங்காமல் போகலாம்.

சன்னத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. சன்னம் என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள். முன்பு எல்லாம் ஈயம்தான். சுட்ட ஈயம் சேற்றில் விழ, தாராக்கள் கல்லோடு சேர்த்து அதையும் விழுங்கி, நாள்பட நஞ்சேறிச் சாகின்றன என்று கண்டுபிடித்திருந்தார்கள். அந்த வருடத்திலிருந்து நீர்நிலைகளில் ஈயம் தடை. கையில் வைத்திருப்பதே குற்றம். அதற்குப் பதிலாகப் பெரும்பாலானோர் உருக்குச் சன்னம் வாங்கினார்கள். ஆனால் உருக்கு கடினமானது. அண்ணையின் பழைய துவக்கின் ஒடுங்கிய வாயை அது கெடுத்துவிடும்.

ஆகவே ஈயமும் கூடாது, உருக்கும் கூடாது. மூன்றாவதாக ஒன்று இருந்தது: பிஸ்மத். ஈயம்போல மென்மையான உலோகம், நஞ்சில்லாதது. கிங்ஸ்டன் வீதியில் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் உருக்குப் பெட்டிகளையே என் முன்னால் அடுக்கினார். நான் அளவுகளைச் சொன்னேன். புத்தகம் ஒன்றைப் புரட்டி, இரண்டரை அங்குல பிஸ்மத் தோட்டா வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டும், விலை கூட, பெட்டியில் பத்துத்தான் இருக்கும் என்றார். எடுப்பிக்கச் சொன்னேன். மூன்று கிழமை பொறுத்து வந்தது. சாம்பல் நிறச் சின்னப் பெட்டி. வீட்டில் மேசையில் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். பத்தும் சரி.

அண்ணையிடம் சொன்னபோது சிரித்தார்.

“பத்துத் தோட்டாவுக்கு இவ்வளவு பாடோ? வீட்டில ரெண்டு பெட்டி ஈயம் கிடக்கு. அதை நான் என்ன, கோயில் உண்டியலிலயோ போடுறது?”

“அண்ணை, ஈயம் இந்த வருசத்தில இருந்து தடை.”

“அது தாராவுக்குத் தெரியுமோ?”

பகிடிக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மேலாளர் பதவியில் இருக்கும் மனிதர், ஒரு பெட்டித் தோட்டாவுக்காகச் சட்டத்தை மீறுவார் என்று யார் நினைப்பார்?

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை. விடியும்போதே ஏரியில் இருந்தோம். நாணல்களை வெட்டிக் கட்டிய ஒரு மறைப்புக்குள் அண்ணையும் நானும் மட்டும், இரண்டு மடக்குக் கதிரைகளில். முன்னால் தண்ணீரில் பிளாஸ்ரிக் தாராக்கள் மிதந்தன. பறக்கும் தாராக்கள் அவற்றைக் கண்டு நம்பி இறங்கும். என் பையில் தோட்டாப் பெட்டியும், தேத்தண்ணிப் போத்தலும், மனைவி கோபத்தோடு பொரித்துக் கட்டித் தந்த கட்லட்டும் இருந்தன. நான் இரண்டு தோட்டாக்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எப்போது போடுவது என்று காத்திருந்தேன்.

முதல் கூட்டம் இறங்கியது. “பொறும், பொறும், உது என்ர” என்று அண்ணை சுட்டார். ஒன்று விழுந்தது. அடுத்த கூட்டத்துக்கும் அதே சொல்தான். நான் என் துவக்கில் இன்னும் ஒரு தோட்டாவும் போடவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நாணல் அசைவதையும் தண்ணீரில் வெளிச்சம் பரவுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடத்தில் இந்த நாட்டில் இவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை. அண்ணை சொன்னது சரிதான் என்றுகூட அப்போது நினைத்தேன்.

பிறகு தூரத்தில் ஒரு படகின் இயந்திரச் சத்தம் கேட்டது.

அண்ணை நாணலை விலக்கிப் பார்த்தார். பிறகு மிக விரைவாக, ஆனால் பதற்றமில்லாமல், தன் துவக்கிலிருந்து தோட்டாக்களைக் கழற்றினார். கோட்டுப் பையிலிருந்து ஒரு கை நிறைய அள்ளினார். எல்லாவற்றையும் என் பையின் அடியில், கட்லட் பொதிக்குக் கீழே போட்டார். சிவப்புத் தோட்டாக்கள். நீளமானவை. ஈயம்.

“உம்மட பைக்க கிடக்கட்டும்.”

“அண்ணை, உது என்ர துவக்குக்கு நீளம் கூட...”

“உம்மட அளவுக் கதையை விடும் இப்ப! நீர் புது ஆள். முதல் நாள் எண்டால் எச்சரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள். என்னை விடமாட்டாங்கள்.”

“எனக்கு அடுத்த மாசம் சத்தியப்பிரமாணம் அண்ணை.”

“தெரியும். ஒண்டும் நடக்காது. நான் கதைக்கிறன்.”

இதைச் சொல்லிக்கொண்டே மற்றப் பையிலிருந்து உருக்குத் தோட்டாக்கள் சிலவற்றை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். அவற்றைக் காட்டுவதற்கென்றே கொண்டுவந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. படகு மறைப்புக்கு அருகில் வந்துவிட்டது.

வந்தவர் சீருடை போட்ட ஒரு பெண் அதிகாரி. முப்பது வயது இருக்கலாம். மரியாதையாகப் பேசினார். எங்கள் அனுமதிகளைப் பார்த்தார். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து அண்ணையின் தோட்டாக்களில் வைத்தார். ஒட்டியது. உருக்கு, சரி. என் தோட்டாவில் வைத்தார். ஒட்டவில்லை. நான் பெட்டியைக் காட்டினேன். பிஸ்மத் காந்தத்தில் ஒட்டாது. அவர் ஒரு தோட்டாவைக் கத்தியால் வெட்டி, ஒரு சன்னத்தைப் படகின் விளிம்பில் வைத்துக் குறட்டால் தட்டினார். அது நொறுங்கியது. ஈயம் என்றால் நசுங்கும், பிஸ்மத் நொறுங்கும் என்று என்னிடமே விளக்கினார். இந்தப் பழைய துவக்குக்கு இதைத் தேடி வாங்குபவர்கள் குறைவு, நல்ல தெரிவு என்றும் சொன்னார்.

அந்தத் தோட்டாக்களுக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

பிறகு பையைப் பார்க்கலாமா என்று கேட்டார். கட்லட் பொதியைக் கவனமாக எடுத்து ஒரு பக்கம் வைத்தார். அடியில் கையை விட்டார்.

சிவப்புத் தோட்டா ஒன்றை வெட்டினார். சன்னத்தைத் தட்டினார். அது நசுங்கித் தட்டையானது. அவர் என்னைப் பார்த்தார். என் துவக்கை வாங்கித் திறந்து பார்த்தார். குழல் சுத்தமாக இருந்தது. அன்று அதில் வெடி வைக்கப்படவில்லை என்று யாருக்கும் தெரிந்திருக்கும். சிவப்புத் தோட்டாவையும் என் தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இது இந்தத் துவக்குக்குரிய நீளம் இல்லை, போட்டுச் சுட்டிருந்தால் முகத்தில் வெடித்திருக்கும், தெரியுமா என்று கேட்டார்.

தெரியும். அந்த ஏரியில் என்னைவிட நன்றாக அதைத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

அவர் அண்ணையின் புதிய துவக்கைப் பார்த்தார். தண்ணீரில் விழுந்து கிடந்த தாராக்களைப் பார்த்தார். பிறகு என்னிடம், மிக ஆறுதலாக, இவை உங்களுடையவையா என்று கேட்டார். நான் பேசாமல் இருக்க, யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லி இன்னொரு தரம் கேட்டார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. எனக்கு ஒரு வழி திறந்துவிட்டுக் காத்திருந்தார். நான் வாய் திறக்கவும் வேண்டியதில்லை. தலையைச் சற்று அண்ணையின் பக்கம் திருப்பினால் போதும்.

அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியாது.

ஊரில் சுற்றிவளைப்பு நடக்கும்போது ஆண்களை எல்லாம் வரிசையில் நிறுத்துவார்கள். ஜீப்புக்குள் முகத்தை மூடிய ஒருவன் இருப்பான். சீருடைக்காரன் ஒவ்வொருவராகக் கொண்டுபோய் அவன் முன் நிறுத்துவான். அவன் பேசமாட்டான். தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பெயர். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் என் தம்பி. எனக்கு அந்தத் தலை ஆடவில்லை, அவனுக்கு ஆடியது. அதற்குப் பிறகு அவனை நாங்கள் காணவில்லை.

சீருடை போட்ட ஒருவர் கேட்க, பக்கத்தில் நிற்கும் தமிழனை நோக்கித் தலையை அசைப்பது என்னால் ஆகாது. அந்தப் பெண் நல்லவர், இது வேறு நாடு, பிழை அண்ணையுடையது, இவை எல்லாம் எனக்குத் தெரிந்தன. தெரிந்தும் கழுத்து திரும்பவில்லை.

என்னுடையவைதான் என்று சொன்னேன்.

அண்ணை கதைக்கிறேன் என்று சொல்லியிருந்தார் அல்லவா? அப்போதுதான் கதைத்தார். லண்டன் ஆங்கிலத்தில், ஒரு சிரிப்போடு. தான் முன்பே எச்சரித்ததாகவும், இந்த ஆட்களுக்குச் சட்டம் எல்லாம் விளங்காது என்றும், புதிதாக வந்தவர்கள் மலிவாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். “இந்த ஆட்கள்” என்னும்போது முகவாயால் என்னைக் காட்டினார்.

அந்தத் தலை ஆடியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்தப் பெண் எனக்கு நீதிமன்றத் தவணை எழுதித் தந்தார். ஈயத் தோட்டாக்களை எடுத்துக்கொண்டார். என் தோட்டாக்களில் வெட்டியது போக மிச்சம் ஒன்பதையும் பெட்டிக்குள் வைத்து மூடி என் கையில் தந்தார். இவை சட்டப்படி சரியானவை என்றார். கட்லட் பொதியையும் எடுத்த இடத்தில் திரும்ப வைத்தார்.

திரும்பி வரும்போது விட்பிவரை வந்துவிட்டோம். பிறகு அண்ணைதான் பேச்சைத் தொடங்கினார்.

“போன வருசம் கணக்குக்கு மேல தாரா சுட்டதெண்டு என்னை ஒருக்காப் பிடிச்சவங்கள், தம்பி. ரெண்டாம் தரம் எண்டால் துவக்கு, லைசன்ஸ் எல்லாத்தையும் பறிச்சுப்போடுவாங்கள். உமக்கு முதல் தரம். கொஞ்சப் பைன்தான். அதை நான் கட்டுறன்.”

“பைன் நான் கட்டுவன். நீங்கள் ஏன் அண்ணை ‘இந்த ஆக்கள்’ எண்டு சொன்னனீங்கள்?”

“அது அவங்களோட கதைக்கிற ஒரு முறை. நீர் உதுகளைப் பெரிசா எடுக்கக் கூடாது.”

என்னை இறக்கிவிடும்போது ஒரு தாராவைக் கொண்டுபோகச் சொன்னார். வேண்டாம் என்றேன். “கோவமோ?” என்று கேட்டுச் சிரித்தார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

“அண்ணையின்ர நம்பரைச் சொல்லுங்கோ. அவரோட நான் கதைக்கிறன்.”

“வேண்டாம். ஏற்கெனவே என்ர எண்டு சொல்லிப்போட்டன்.”

“உங்களுக்கு ஆர் அப்பிடிச் சொல்லச் சொன்னது?”

தம்பியின் பெயரைச் சொன்னேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நவம்பரில் சத்தியப்பிரமாண நாள் வந்தது. என் வழக்குத் தவணை அதற்குப் பிறகுதான். பேருந்தில் போகும்போது மனைவி என் காதோடு சொன்னாள்: “கேட்டால் இல்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் பிழை செய்யேல்லயெல்லே?” மண்டபத்தில் ஒரு மேசைக்கு முன்னால் ஒவ்வொருவரையும் கேட்டார்கள், பரீட்சைக்குப் பிறகு ஏதாவது குற்றச்சாட்டு உண்டா என்று. அண்ணைக்காக ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. எனக்காக இரண்டாவது பொய் சொல்ல வரவில்லை. உண்டு என்றேன். எழுத்தர் என் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வழக்கு முடியும்வரை பொறுக்க வேண்டும், இன்று பார்வையாளர் இருக்கையில் உட்காரலாம் என்றார்.

“அப்ப நானும் எடுக்கேல்ல” என்றாள் மனைவி.

“பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போம்” என்றேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் எழுந்து வலது கையை உயர்த்தினார்கள். மனைவி அன்று கோயில் திருவிழாவுக்குக் கட்டும் நீலச் சேலை கட்டியிருந்தாள். சத்தியம் செய்துவைத்த நீதிபதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தபடியே சொற்களைச் சொன்னாள். மகளின் குரல் மற்றவர்களின் குரலுக்கு மேலால் கேட்டது. அந்தச் சொற்கள் எனக்கும் மனப்பாடம். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். முடிந்தபின் உதவிக்கு நின்ற ஒரு வயதான அம்மா எனக்கும் ஒரு சின்னக் கொடியைத் தந்து வாழ்த்துச் சொன்னார். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நன்றி என்றேன்.

வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டினேன். குடியுரிமை விண்ணப்பம் மேசை மேசையாகச் சுற்றி, அடுத்த வருடம் குளிர் தொடங்கும்போதுதான் எனக்குச் சத்தியப்பிரமாணம் கிடைத்தது. எனக்கும் இப்போது ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் அந்த மண்டபத்தில் மூவரும் ஒன்றாக எழுந்து நிற்கும் அந்தக் காட்சி, பத்து வருடம் நான் மனதில் வைத்திருந்தது, நடக்கவே இல்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை ஆறியிருப்பேன். நடுவில் ஒரு கலியாண வீடு வந்தது. றிச்மண்ட் ஹில் கோயிலில் தாலி கட்டு முடிந்து, மண்டபத்தில் சாப்பாடு. எங்கள் மேசையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“நீங்களெல்லோ அந்த ஈயத் தோட்டாக்காரர்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து சிரிப்புக் கேட்டது. அண்ணை அங்கே இருந்தார். கதை அவர் சொன்னதுதான். எத்தனை இடத்தில் சொன்னாரோ தெரியாது, சொல்லிச் சொல்லி நன்றாக மெருகேறியிருந்தது.

“பக்டரியில மயிரிழை வித்தியாசம் எண்டாலும் கண்டுபிடிப்பார். ஆனால் துவக்குக்கு எந்தத் தோட்டா எண்டு தெரியேல்ல மனுசனுக்கு! நான் பக்கத்தில இருந்தபடியால் தப்பினார்.”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் அல்ல, நல்ல கதை ஒன்றைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி எழுந்தாள்.

“அண்ணை, இவர் வாங்கின பெட்டி எங்கட வீட்டில கிடக்கு. ஒன்பது தோட்டா. ஒருநாளைக்கு வந்து பாருங்கோவன், எது எந்தத் துவக்குக்கு எண்டு.”

அண்ணை தண்ணீர்க் கிளாசை எடுத்தார்.

“பகிடிக்குச் சொன்னது தங்கச்சி. உதுக்குப் போய்...”

“பகிடி விளங்குது” என்றாள். பாயாசம் வரும்முன் நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். அன்று இரவுதான் பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு நித்திரை வந்தது.

அவர் இன்றும் என் மேலாளர். காலையில் கண்டால் “வணக்கம் அண்ணை” என்கிறேன். அவரும் “என்ன தம்பி, சுகமோ?” என்கிறார். எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை பிடிக்க ஒரு நெருக்கம் வேண்டும். தோட்டாக்காரர் என்ற பெயர் மட்டும் தொழிற்சாலையில் நிலைத்துவிட்டது. புதிதாக வேலைக்கு வருபவர்கள்கூட அதன் காரணம் தெரியாமலே அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

அந்தச் சாம்பல் பெட்டி மேல் அலுமாரியில் கிடந்தது. துவக்கே இல்லாத வீட்டில் தோட்டா எதற்கு என்று மனைவி பல தரம் சொன்னாள். போன மாதம் அதை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். தேவையில்லாத தோட்டாக்களை அங்கே ஒப்படைக்கலாம். மேசையில் இருந்த இளைஞர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இவை உங்களுடையவையா என்று கேட்டார். அதே கேள்வி. ஓம், இவைதான் என்னுடையவை என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். நான் ஏன் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் என் தம்பிக்காக நான் காத்த அந்த மௌனம், கடைசியில் ஒரு தலையாட்டிக்குத்தான் மறைப்பாக நின்றது என்பதை நினைக்கும்போது, அன்று ஏரியில் அந்தப் பெண் அதிகாரி மூடித் தந்த பெட்டியின் பாரம் இன்னும் கையில் இருப்பதுபோலவே தோன்றுகிறது.